பதினான்காம் புள்ளி

நவம்பர் 22, வெள்ளி

காலை பத்து மணிக்குப் பயிற்சி என்று சொன்னால் பதினொன்றரைக்கு வந்து நிற்கிறார்கள். கேட்டால், "வலையத் தட்டிப் போட்டுட்டு வரவேண்டாமா மேடம்" என்று என்னிடமே நியாயம் கேட்கிறார்கள்.

சிப்பிமுனை மீனவர்களிடம் பதினாறு வள்ளங்களை மாவட்ட நிர்வாகம் பேசி வைத்திருக்கிறது. ஊருக்குள் வெள்ளம் வந்தால் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் இறக்குவார்கள். வள்ளத்துக்கு ஒருவர் என்று பதினாறு பேருடைய போனில் 'களம்' என்ற செயலியை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது வருஷமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று இதுவரை குத்துமதிப்பாகத்தான் தெரியும். இனி அப்படி இல்லை. ஒவ்வொரு போனும் எங்கள் திரையில் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் மஞ்சள், சிக்னல் போனால் சாம்பல்.

"புள்ளி எங்க நிக்கோ அங்கதான் உதவி வரும்" என்று மூன்று தடவை சொன்னேன். பதினான்காம் எண்காரர், பெயர் இஞ்ஞாசி, நாற்பத்தைந்து வயதிருக்கும், கையைத் தூக்கினார்.

"ஆளு இருக்க எடத்துக்கு வருமா, போனு இருக்க எடத்துக்கு வருமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"எங்க வீட்டுல வந்து சொல்லுங்க மேடம். அவ போன் அடிக்கையில அது ஒரு பக்கம் கெடக்கும், நான் ஒரு பக்கம் கெடப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டதால் கடைசி இரண்டு பக்கத்தை நடத்தவில்லை. 'செய்யக் கூடாதவை' என்று ஒரு பட்டியல். திங்கட்கிழமை வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

மேலக்குளத்துக் கரை விடியுமுன்பே உடைந்துவிட்டதாம். ஜீப் வாசலில் நிற்கிறது. இட்லி ஊற்றி வைத்த அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. காது இன்னும் இரைகிறது.

முந்நூற்றுப் பதினோரு பேரைக் கரை சேர்த்திருக்கிறோம். பெருமையாகத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன? பதினாறு புள்ளிகளையும் வைத்துக்கொண்டு, இந்த மாடிக்கு நீ போ, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீ போ என்று ஞாயிறு மதியம் முதல் திங்கள் மதியம் வரை நகராமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் இரண்டு பேர். டீ ஆறி ஆடை கட்டிப்போனது.

பதினான்கைப் பற்றி முறையாக எழுதி வைக்கிறேன். இஞ்ஞாசியும் அவர் தம்பி தொம்மையும் அந்த வள்ளத்தில் இருந்தார்கள். மூன்றரை மணிக்குத் தோப்புத்தெரு மாடி வீட்டிலிருந்து முதல் நடை ஏற்றினார்கள். எல்லாருக்கும் இடமில்லை. ஒன்பது பேர் மாடியில் மிச்சம். அவர்களுக்குத் துணையாக இஞ்ஞாசி மாடியில் நின்றுகொண்டார். தொம்மை மட்டும் வள்ளத்தை ஓட்டி வந்தார். வந்த இடத்தில் இயந்திரத்தின் விசிறியில் யாருடைய சேலையோ சுற்றிக்கொண்டது. சரி செய்து முடிக்கும்போது மணி ஏழு.

ஏழு மணிக்குத் தொம்மை கூப்பிட்டார். "அண்ணன் அங்ஙனயே நிக்கான் மேடம். நான் போவட்டா?"

திரையைப் பார்த்தேன். பதினான்கு அதே மாடியில், மஞ்சளாக. "அவரு பத்திரமா மாடியிலதான் இருக்காரு. இருட்டுல தண்ணி இழுப்பு ஜாஸ்தி. விடியட்டும்" என்றேன். புள்ளி அங்கேதான் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

திங்கள் காலை வெளியூர் மீட்புக் குழு அந்த மாடிக்குப் போய் ஒன்பது பேரை இறக்கியது. பத்தாவது ஆள் இல்லை. யாரோ ஒருவர் கிழக்கே நீந்திப் போனதாக மாடியில் இருந்தவர்கள் சொன்னார்களாம். அன்றைக்கு மத்தியானமே புள்ளி சாம்பலாகிவிட்டது.

தேடுகிறார்கள்.

நவம்பர் 27, புதன்

வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் கோடு தெரிகிறது. சேற்றை வழிக்க வழிக்க வருகிறது. பீரோவின் கீழ்க்கதவு ஊறிப்போய்த் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ராமசுப்பு உதைத்துப் பார்த்தார், அது கோணிக்கொண்டதுதான் மிச்சம். மெத்தையை மாடியில் காயப் போட்டால் மறுபடி தூறல்.

"நீ ஏன் பேசவே மாட்டேங்க?" என்று கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

கிடைத்துவிட்டார்.

தோப்புத்தெரு மாடியிலிருந்து கிழக்கே இருநூறு எட்டுகூட இல்லை. வாழைத்தோட்டத்து ஓரப் பனையில், இடுப்பில் கயிற்றைச் சுற்றி மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டிருந்தாராம். இழுப்பு தூக்கிப் போகாமல் இருக்கக் கட்டிக்கொண்டிருக்கிறார். திங்கள் விடியற்காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எங்கள் அறையில் யாரோ இதை டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

எங்கள் துணை தாசில்தார் இசக்கியப்பன் சார் அறிக்கை தயாரித்திருக்கிறார். நல்ல மனிதர், யாரையும் மாட்டிவிட நினைக்கிறவர் இல்லை. ஆனால் அறிக்கை என்று வந்தால் ஒரு காரணம் எழுதித்தானே ஆகவேண்டும்.

"பயிற்சியில் அறிவுறுத்தியும், போனை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தெரிவிக்காமல் இடத்தை விட்டு அகன்றதால்" என்று வாசித்தார். "சரிதானம்மா? உங்க பதிவேட்ல ஞாயித்துக்கெழமை மூணரைக்கு மேல பதினாலுகிட்டேர்ந்து எந்த அழைப்பும் இல்ல. பாத்துட்டேன்."

பதிவேட்டில் இல்லை என்பது உண்மை. பதிவேட்டை எழுதியது நான்.

"ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, நன்றாகப் பசித்தது.

நவம்பர் 30, சனி

சிப்பிமுனையில் அடக்கம். கலெக்டர் அலுவலகத்திலிருந்து மலர்வளையத்தோடு நான்கு பேர் போனார்கள். நான் போகவில்லை. பணி என்று சொன்னேன்.

போய்வந்த டிரைவர் சொன்னது: ஊரில் இரண்டு பேச்சு ஓடுகிறதாம். குடித்துவிட்டுக் குதித்திருப்பான் என்று ஒன்று. கூடவந்த தம்பியிடம்கூடச் சொல்லாமல் வீராப்புக் காட்டப் போய் ஒன்பது பேரை அம்போவென்று விட்டான் என்று இன்னொன்று. "சர்க்கார் அறிக்கையிலேயே சொல்லாமக் கொள்ளாமப் போனான்னுதான் போட்டிருக்காமே" என்று டிரைவரிடமே கேட்டார்களாம். இஞ்ஞாசியின் மனைவி ரெக்ஸலின் ஒவ்வொருவர் முன்னாலும் போய், "அவரு சொல்லாமப் போற ஆளு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

டிசம்பர் 1, ஞாயிறு

பணியில் இருந்தேன். தண்ணீர் வடிந்துவிட்டதால் திரையில் புள்ளிகளே இல்லை, வெறும் வரைபடம். பத்து இருபதுக்கு ஒரு புள்ளி எரிந்தது. பச்சை. எண் பதினான்கு.

எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த வேணி, சின்னப் பெண், இந்த வருஷம் சேர்ந்தவள், "என்னக்கா?" என்றாள். புள்ளி பஸ் நிலையத்தைச் சுற்றி நடக்கிறது. கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நிற்கிறது. மறுபடி நடக்கிறது. அடக்கம் செய்த மனிதர் கடைத்தெருவில் என்ன வாங்குகிறார்?

பயமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. நாற்பத்தோரு வயதுக்காரி, அரசு ஊழியர், ஒரு பச்சைப் புள்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மதியம் புள்ளி மகளிர் கல்லூரி முகாமுக்குள் போய் நின்றது.

டிசம்பர் 2, திங்கள்

முகாமுக்குப் போனேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

தோப்புத்தெருவில் தையல் கடை வைத்திருந்தவர், பெயர் காசிம். மாடியில் இருந்த ஒன்பது பேரில் ஒருவர். எழுந்து உட்கார முடியாத அவருடைய தகப்பனாரும் அந்த ஒன்பதில் ஒருவர். போனைக் கைக்குட்டையில் பொதிந்து சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். முகாமில் சார்ஜ் போட்டு, உரியவரைத் தேடிக் கடைத்தெரு முழுக்க விசாரித்திருக்கிறார்.

"அவரு கையிலதான் குடுக்கணும்னு வச்சிருக்கேம்மா. பூட்டு போட்ட போனு, எனக்குத் தொறக்கத் தெரியல. யாராச்சும் கூப்பிட்டா எடுக்கலாம்னு பாத்தேன். நீங்க ஆபீஸா? அவரு நல்லாருக்காரா?"

நான் சொன்னேன். காசிம் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"கெழக்கே ஒரு வீட்டுலேர்ந்து கூப்பாடு கேட்டுச்சும்மா. போறேன்னாரு. இந்தப் போனை எங்கத்தா கட்டிலோட காலுல கட்டிவச்சாரு. 'கடல்ல வலை போட்டா அதுமேல கொடி மிதக்க விட்டுட்டு வருவோம் பாய். கொடியப் பாத்துத்தான் வள்ளம் வரும். இதுதான் இப்பக் கொடி. இது இங்ஙன இருந்தாத்தான் வள்ளம் ஒங்கள எடுக்க வரும், நான் எடுத்துட்டுப் போயிட்டா ஒங்களுக்கு வராது' அப்டின்னாரு. நாங்க வேண்டாம்னோம். கேக்கல."

"சொல்லாமப் போயிட்டாருன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"யாரு சொன்னா? போன்ல உங்க ஆபீஸ் அம்மா ஒருத்தங்ககிட்ட சொல்லிட்டுதானே போனாரு. ஸ்பீக்கர்ல போட்டுதான் பேசுனாரு. போனை இங்க கட்டியிருக்கேன், நான் கெழக்கே போறேன், வள்ளம் வந்தா என்னையும் வந்து பாக்கச் சொல்லுங்கன்னாரு. அந்தம்மா சரி சரின்னாங்க. நாங்க ஒன்பது பேரும் கேட்டோமே."

கூப்பாடு போட்ட வீட்டுக்காரர்களை ஐந்து மணிக்கே வேறொரு வள்ளம் எடுத்துவிட்டது என்பது காசிமுக்குத் தெரியாது. அனுப்பியது நான் என்பதும் தெரியாது.

என் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இஞ்ஞாசி வீட்டுக்காரம்மாவிடம் நானே சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

சேர்க்கவில்லை. பீரோவில் இருக்கிறது.

அணைத்துவிடலாம் என்று எடுத்தேன். முகப்பில் ஒரு வள்ளத்தின் படம், அதில் புதிதாக அடித்த நீலப் பெயிண்ட். அணைக்க மனம் வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

டிசம்பர் 4, புதன்

வேணி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, பதினாலு உங்க தெருவுலல்லா நிக்கி."

கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் தெரு, எங்கள் வரிசை, எங்கள் வீடு. மஞ்சள். அசையாமல்.

"அது பழைய பதிவா இருக்கும்" என்றேன். வேணி என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய கெட்டிக்காரி அவள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பீரோவுக்குள் போன் அடித்தது. கோணிய கதவை இழுத்துத் திறந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. திரையில் 'ரெக்ஸி' என்று இருந்தது. மஞ்சள் சேலையில் ஒரு பெண், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

இத்தனை நாளும் அணைந்து கிடந்த எண் இப்போது அடிக்கிறது. அடக்கம் செய்த கணவரின் எண்ணுக்கு அவள் கூப்பிடுகிறாள், அது மணியடிக்கிறது. அங்கே அவளுக்கு எப்படி இருக்கும்? நான் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதினொரு தடவை அடித்தாள்.

ராமசுப்பு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு போன் அது?" என்றார். அவரிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், இனி எதற்கு மறைத்து.

வெள்ளம் வந்த ஞாயிறு மாலை நான்கு பன்னிரண்டுக்கு இஞ்ஞாசி என்னைக் கூப்பிட்டார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. காசிம் சொன்னதையெல்லாம் சொன்னார். இடது காதில் அவர். வலது காதில் ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் ஏறுவதாக இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்துச் "சரி சரி" என்றேன். ஆஸ்பத்திரியை எழுதினேன். இவரை அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். அப்புறம் மறந்தே போனேன். ஏழு மணிக்குத் தொம்மை கேட்டபோது நினைவில் இருந்தது புள்ளி மட்டும்தான். மறுநாள் காலை, பத்தாவது ஆள் இல்லை என்று கேட்ட அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

ராமசுப்பு உள்ளே வந்து பீரோ கதவைத் தள்ளிச் சாத்தினார். பிறகு, "நாளைக்கு நான் பைக்ல கொண்டு விடுதேன்" என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

சிப்பிமுனை. மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. ராமசுப்பு கடற்கரைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ரெக்ஸலின் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நேத்து மணி அடிச்சுச்சு" என்றார். "எங்கிட்டதான் இருந்துச்சு. எடுக்கத் துணிச்சல் வரல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அவரு சொன்னதுக்கு நீங்க சரின்னு சொன்னியளா?"

"சொன்னேன்."

"அதான்" என்றார். "நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கடல்ல நாலு மணி நேரம் நீந்துற மனுசன், இந்த எரநூறு எட்டு திரும்பி நீந்த முயற்சி பண்ணாம எதுக்கு மரத்துல கட்டிக்கிட்டு நின்னாருன்னு. வருவாங்கன்னு நின்னிருக்காரு."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எங்கிட்ட சொன்னாப் பத்தாது. குடிச்சிட்டுப் போனான், சொல்லாமப் போனான்னு ஊரு பூரா பேசுது. எம் பிள்ளைக காதுல விழுது. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு ஊர் கூடும். அங்ஙன வந்து சொல்லுங்க."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்கும். "வருவேன்" என்று மாற்றிச் சொன்னேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இசக்கியப்பன் சாரிடம் கடிதம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"போனவரு திரும்பி வரப்போறதில்ல. உங்க வேலைக்கு உலை வச்சுக்கிட்டு என்னம்மா பிரயோஜனம்? நாப்பது அழைப்பு ஒரே நேரத்துல. யாரா இருந்தாலும் விட்டுப்போகும்."

"விட்டுப்போனது தப்பு இல்ல சார். அவரு மேல எழுதுனதுதான் தப்பு. பயிற்சியில, போனை விட்டுப் போகக் கூடாதுங்கற கடைசி ரெண்டு பக்கத்த நான் நடத்தவும் இல்ல. அதையும் எழுதியிருக்கேன்."

பெருமூச்சு விட்டார். கடிதத்தில் நாள், நேரம் போட்டு வாங்கிக்கொண்டார். மறு உத்தரவு வரும்வரை பணிக்கு வரவேண்டாம் என்று சாயங்காலமே தாள் வந்துவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

ராமசுப்பு வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன்.

பூசை முடிந்து ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் என்னை நடுவில் நிற்கச் சொன்னார். "சத்தமாச் சொல்லுங்க, பின்னால கேக்கணும்" என்றார். நேரம், அவர் சொன்னது, நான் சொன்னது, எழுதாமல் விட்டது, கையெழுத்துப் போட்டது எல்லாம் சொன்னேன். ஒன்பது வருஷம் போனில் பேசிய குரல் எனக்கு, ஆனால் நடுவில் இரண்டு முறை எழும்பவில்லை.

முடித்ததும் யாரும் திட்டவில்லை. தொம்மை மட்டும் எழுந்தார்.

"அன்னிக்கு ஏழு மணிக்குக் கயித்த அவுத்து வள்ளத்தத் தண்ணியில எறக்கிட்டேன் மேடம். நீங்க சொன்னதுனாலதான் திரும்பக் கட்டுனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னால் இருந்து ஒருவர், "அப்ப இஞ்ஞாசி சொல்லிட்டுத்தான் போயிருக்கான்" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதையே இன்னொருவரிடம் சொன்னார். சொல்லிட்டுத்தான் போயிருக்கான், சொல்லிட்டுத்தான் போயிருக்கான் என்று முற்றம் முழுக்க அது போயிற்று. ரெக்ஸலின் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் கூடவே வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வந்தார்.

"எங்கிட்ட காலையில பேசுனதோட சரி" என்றார். "கடைசியா அவரு கொரலக் கேட்டது நீங்கதான். எப்டி இருந்துச்சு? பயந்த மாதிரி இருந்துச்சா, சாதாரணமா இருந்துச்சா?"

வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நினைவிருக்கின்றன. குரலைத் தேடினேன். வலது காதில் ஆஸ்பத்திரிக்காரர் கத்தியது அப்படியே கேட்கிறது. அவர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்கிறது. இடது காதில் ஒன்றுமே இல்லை. சாதாரணமாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ரெக்ஸலினுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த ஒன்றில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன். "நான் சரியாக் கேக்கல."

பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைக்கும்போது ரெக்ஸலின் என் கையைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, சும்மா பிடித்துக்கொண்டார். கண்டக்டர் பார்த்துவிட்டு விசில் கொடுத்துப் போய்விட்டார்.

"அடுத்த பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் இருக்கு" என்றார். "உக்காந்து மெதுவா யோசிச்சுப் பாருங்க."

இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்தோம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரமும் யோசித்தேன். வரவில்லை.